அருகிருப்பவர் யார்?

மருத்துவத்துக்கு அங்கம் நான்கு என்பது நம் பழைய நூல்களின் முடிபு. நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என்னும் நான்கையும் ஒரே குறளில் அடக்கித் திருவள்ளுவர் தம் ‘மருந்து’ அதிகாரத்தை நிறைவு செய்கிறார். வடமொழியில் உள்ள சரக சம்ஹிதையும் இந்நான்கையே மருத்துவத்தின் கால்களாகக் கொள்கிறது; அதோடு நில்லாமல், அருகிருப்பவரிடம் இருக்க வேண்டிய குணங்களையும் எண்ணிக் காட்டுகிறது. பணிவிடை செய்யும் முறை அறிந்திருத்தல், கைத்திறன், நோயாளியிடம் அன்பு, தூய்மை என்பன அவை. முதல் மூன்று அங்கங்களைப் பற்றி இன்று நமக்குக் குழப்பம் இல்லை. நோயாளி யாரென்று தெரியும். மருத்துவர் யாரென்று தெரியும். மருந்துக் கடையும் தெருமுனையில் இருக்கிறது. நான்காமவர் யார் என்பதே, ஊரை விட்டு வந்து வாழும் நம் போன்றோர் வீடுகளில் விடை காணாத வினாவாக இருந்து வருகிறது. தீப்பெட்டியளவே உள்ள ஒரு கருவி அவ்வினாவை அண்மைக் காலத்தில் மேலும் கூர்மையாக்கியிருக்கிறது.

முழங்கால் மாற்று அறுவை செய்துகொண்ட முதியவர்களும், பக்கவாதத்தால் கையோ காலோ தளர்ந்தவர்களும் மருத்துவமனையில் தங்குவது சில நாள்களே. நெடிய மருத்துவம் அதன் பின்னர் வீட்டில் நடக்கிறது. நாள்தோறும் இருவேளையோ மூன்று வேளையோ காலை மடக்கி நீட்டுவதும், நாற்காலியிலிருந்து எழுந்து மீண்டும் அமர்வதும், விரல்களைக் குவித்து விரிப்பதுமே அந்த மருத்துவம். இப்பயிற்சியைக் கணக்கிட, இடுப்பிலோ மணிக்கட்டிலோ தொடையிலும் கெண்டைக்காலிலுமோ பட்டை போட்டுக் கட்டும் அசைவுணர் கருவிகள் வந்துள்ளன. மக்கள் வழக்கில் அவை ‘சென்சார்’. எத்தனை முறை மடக்கினார், எத்தனை பாகை மடங்கியது, எத்தனை அடி நடந்தார் என்பனவற்றைக் குறித்துக் கைப்பேசி வழியே இயன்முறை மருத்துவருக்கு, அதாவது நாம் பிசியோதெரபிஸ்ட் என்று அழைப்பவருக்கு, அவை அனுப்பி வைக்கும். விரும்பினால் தில்லியில் இருக்கும் மகனுக்கும் பெங்களூரில் இருக்கும் மகளுக்கும் அனுப்பும். ‘விரும்பினால்’ என்ற இந்தச் சொல்லில்தான் வழக்கு முழுவதும் அடங்கியிருக்கிறது. விரும்புகிறவர் யார்?

கருவியின் உள்ளே நடப்பதைச் சற்றே அறிந்துகொண்டால்தான், அது எதைக் காண்கிறது, எதைக் காணவில்லை என்பது விளங்கும். சிலிக்கானில் செதுக்கிய மிகச் சிறிய எடை ஒன்று, அதே சிலிக்கானால் ஆன மெல்லிய வில்களில் தொங்குகிறது. பேருந்து திடீரெனக் கிளம்பும்போது நின்றிருப்பவர் பின்னுக்குச் சாய்வதைப் போல, கருவி அசையும்போது அவ்வெடை சற்றுப் பின்தங்குகிறது. அதனால் நுண்ணிய தகடுகளின் இடைவெளி மாறுகிறது, அம்மாற்றம் மின்னளவாகிறது. புவியீர்ப்பையும் அது உணர்வதால், அசையாதிருக்கும்போதும் கீழ்த்திசை எதுவென அறியும். திரும்பும் வேகத்தை அளக்க வேறோர் உறுப்பும் உடன் உண்டு. தொடையின் சாய்வையும் கெண்டைக்காலின் சாய்வையும் ஒப்பிட்டு, முழங்கால் மடங்கிய கோணத்தைக் கணக்கிட்டு விடுகிறார்கள். கார் மோதும்போது காற்றுப்பை விரிவதும், கைப்பேசியைச் சாய்த்தால் படம் திரும்புவதும் இக்குடும்பத்தைச் சேர்ந்த கருவிகளாலேயே.

ஆக, அது காண்பது அசைவை; முயற்சியை அன்று. மணிக்கட்டில் கட்டிய கருவி, கை வீசி நடப்பவரின் அடிகளை நன்றாகவே எண்ணும். வாக்கர் என்னும் நான்கு கால் சட்டத்தை இரு கைகளாலும் இறுகப் பற்றி, மூச்சு வாங்க, கூடத்திலிருந்து குளியலறை வரை செல்லும் மூதாட்டியின் அடிகளில் பலவற்றை அது தவற விட்டு விடும். அவர் கை வீசுவதில்லை, நடையும் மெதுவானது. அந்த நாளின் மிகக் கடினமான நடை கணக்கில் ஏறாமலே போய்விடும். உட்கார்ந்த இடத்தில் மாவு பிசைந்தால் ஒருவேளை சில அடிகள் ஏறினாலும் ஏறும்! இடுப்பிலும் கணுக்காலிலும் கட்டுபவை இவ்வகையில் மேலானவை என்பர். எவ்விடத்தில் கட்டினாலும், அவ்வளவு பாடுபட்டு நடந்தவர் எதற்காக நடந்தார் என்பதை அது அறியாது.

எண்களின் பிறப்பையும் நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. நாளுக்குப் பத்தாயிரம் அடி என்பது இன்று வேதவாக்குப் போல் வழங்குகிறது. 1964-இல் தோக்கியோவில் ஒலிம்பிக் நடந்தது. அதற்கு அடுத்த ஆண்டு ஜப்பானிய நிறுவனம் ஒன்று அடியெண்ணும் கருவி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ‘பத்தாயிரம் அடி அளவி’ என்று பொருள்படும் பெயரை அதற்குச் சூட்டினார்கள். விற்பனைக்காக வைத்த பெயர் நாளடைவில் விதியாயிற்று. 2019-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று, சராசரி வயது 72 ஆன பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு இடுப்பில் கருவி கட்டிப் பார்த்தது. நாளுக்கு 4,400 அடி நடந்தவர்களிடம், ஏறக்குறைய 2,700 அடி நடந்தவர்களைக் காட்டிலும் இறப்பு விகிதம் குறைந்திருந்தது. 7,500 அடிக்கு மேல் அந்த ஆதாயம் பெருகவில்லை. எழுபது வயதுத் தந்தை பத்தாயிரத்தைத் தொடவில்லை என்று தொலைபேசியில் கடிந்துகொள்ளும் மகன் எந்த அதிகாரத்தில் நின்று கடிகிறார் என்பதைச் சிந்திக்க இது ஒன்றே போதும்.

இவ்வளவும் சொல்வதால் கருவியை இகழ்கிறேன் என்று அன்பர்கள் கொள்ளலாகாது. அதனால் விளையும் நன்மை ஒன்று வேறெதனாலும் எளிதில் கிட்டாதது. உலக சுகாதார நிறுவனம் 2001-இல் வகுத்த வகைப்பாடு, ஒருவரால் செய்ய இயல்வதையும் அவர் அன்றாட வாழ்வில் மெய்யாகவே செய்வதையும் இருவேறாகப் பிரித்துக் காட்டுகிறது. பக்கவாதம் கண்டவர் பலரிடம் இவ்விரண்டுக்கும் இடையே பெரும் பள்ளம் உண்டு. மருத்துவர் முன்னிலையில் வலக்கையால் குவளையை எடுத்துக் காட்டுவார். வீடு திரும்பியதும் எல்லாவற்றையும் இடக்கையே செய்யும். முதல் வாரங்களில் வலக்கை தோற்றுத் தோற்று, பயன்படாமலே இருக்கக் கற்றுக்கொண்டு விடுகிறது. கை தேறிய பின்னும் அந்தப் பாடம் மறப்பதில்லை. இரு மணிக்கட்டுகளிலும் கருவி கட்டி ஒருநாள் முழுதும் ஒப்பிட்டால் இது வெட்டவெளிச்சமாகும். வீட்டார் கண்ணுக்கும், நோயாளியின் கண்ணுக்குமே தெரியாததை அது தெரிவிக்கிறது.

நம் வீடுகளில் இதன் பாரம் இன்னும் கூடுதல். வலக்கை தளர்ந்த பெரியவர், பிறர் பார்க்க இடக்கையால் உண்ணக் கூசுகிறார். பந்தியில் அமர்வதை விடுகிறார்; பிறகு திருமணங்களுக்குப் போவதையே விடுகிறார். தாம்பூலத்தை இடக்கையால் வாங்க மனம் வராமல், கதவடைத்து உள்ளேயே இருந்துவிட்ட பெரியவர் ஒருவரை எங்கள் குடியிருப்பிலேயே நான் அறிவேன். அத்தகையவருக்கு, ‘உங்கள் வலக்கை நேற்றைவிட இன்று கூடுதலாக உழைத்திருக்கிறது’ என்று சான்றோடு காட்டும் கருவி சிறிய உதவியன்று.

முழங்காலுக்கும் இவ்வாறே. சமதரையில் நடக்க எழுபது பாகை வரை மடங்கினால் போதும். நாற்காலியிலிருந்து இயல்பாக எழத் தொண்ணூறுக்கு மேல் வேண்டும். அறுவைக்குப் பின் முதல் வாரங்களில் போதிய அளவு மடக்காவிட்டால் உள்ளே தழும்புத் திசு இறுகிவிடும். சிலருக்கு மயக்க மருந்து கொடுத்து மருத்துவரே வலிந்து மடக்க வேண்டிய நிலையும் வரும். எனவே பயிற்சி நடந்ததா என்று அறிவது வீண் ஆவல் அன்று. எங்கள் ஊர்ப் பக்கம் முதியவர்கள் ஒரு கிண்ணத்தில் புளியங்கொட்டைகளை இட்டு, ஒவ்வொரு தடவை மடக்கும்போதும் ஒன்றை மறு கிண்ணத்துக்கு மாற்றி எண்ணிக்கொள்வார்கள். செலவில்லாத முறை. ஆனால் கால் எழுபது பாகை மடங்கியதா, நாற்பதோடு நின்றதா என்பது புளியங்கொட்டைக்குத் தெரியாது.

என் தாயாருக்குத் தஞ்சையில் இவ்வறுவை நடந்தபோது, ஆறு வாரங்களுக்கு இக்கருவியை வாடகைக்கு அமர்த்தினோம். தாயார் என் தங்கையோடு இருக்கிறார், நான் தில்லியில். வாரம் இருமுறை வரும் இயன்முறை மருத்துவர், கருவியைக் கட்டிக் காட்டிவிட்டு, இந்த எண்களை வேறு யாருக்கெல்லாம் அனுப்பலாம் என்று தாயாரையே கேட்டார். அந்த இளைஞரின் பண்பை நான் இன்றும் பாராட்டுகிறேன். பணம் கட்டிய மகனைக் கேட்காமல், கால் யாருடையதோ அவரைக் கேட்டார். தாயார் தயங்கவில்லை. “தம்பிக்கு எதற்கு? அவன் என்ன வைத்தியமா படித்திருக்கிறான்?” என்றார். தங்கை சிரித்துக்கொண்டே இதை எனக்குச் சொன்னாள். முதலில் என் மனம் சற்று வருந்தியது மெய். இரண்டு இரவும் ஒரு பகலும் ரயிலில் கழித்தால்தான் சென்னையையே எட்ட முடியும் தொலைவில் இருப்பவனுக்கு, அந்த எண்ணாவது கிடைக்கக் கூடாதா என்று தோன்றிற்று. பின்னர் ஆற அமர எண்ணிப் பார்த்ததன் விளைவே இக்கட்டுரையின் எஞ்சிய பகுதி.

ஊரை விட்டு வந்தவர்கள் தமக்கு மாற்றாக ஏதேனும் ஒன்றை ஊருக்கு அனுப்புவது புதிதன்று. நம் தந்தையர் காலத்தில் மணியார்டர் போயிற்று. அதன் அடித்துண்டில் நான்கு வரி எழுத இடம் இருக்கும். ‘இவ்விடம் யாவரும் நலம், அவ்விடம் நலமறிய ஆவல்’ என்பது அதற்குள் அடங்கிவிடும். சில நாள் கழித்து, பணம் பெற்றதற்கு அத்தாட்சியாகப் பெற்றோர் கையொப்பமிட்ட சீட்டு திரும்பி வரும். இந்த ஏற்பாட்டில் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவன் மகன். மாதம் பிறந்து பத்து நாளாகியும் பணம் வரவில்லையென்றால் கேட்கும் உரிமை தாய்க்கு இருந்தது. சென்சாரில் இத்திசை தலைகீழாகிறது. இங்கே நாள்தோறும் கணக்குக் காட்ட வேண்டியவர் தாய், சரிபார்ப்பவன் மகன். கருவி புதியது என்பதைவிட, இந்தத் திசைமாற்றமே என்னைச் சிந்திக்க வைத்தது. இதை நாம் ஒருவரும் தீர்மானித்துச் செய்யவில்லை. செயலியில் ஒரு கட்டத்தைத் தொட்டதால் நிகழ்ந்து விடுகிறது.

அலுவலகத்தில் இருப்பவனுக்குக் கணக்குக் காட்டுவது என்னவென்று தெரியும். மத்திய அரசு அலுவலகங்களில் 2014 முதல் ஆதாரோடு இணைந்த விரல்ரேகைப் பதிவு வந்தது. அதன் பின் நேரந்தவறாமை கூடியது என்பதை மறுப்பதற்கில்லை. விரலை வைத்துவிட்டு நேரே தேநீர்க் கடைக்குச் செல்வோரும் உண்டு என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் அரசு என்னிடம் கணக்குக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அது எனக்குச் சம்பளம் தருகிறது. தாயிடம் கணக்குக் கேட்க நான் எந்தச் சம்பளம் தருகிறேன்? அறுவைக்குச் செலவு செய்தேன் என்று சிலர் சொல்லக்கூடும். இலட்சக் கணக்கில் கொட்டிவிட்டுப் பயிற்சி செய்யாமல் விட்டால் எல்லாம் விழலுக்கு இறைத்த நீர் அல்லவா என்று கேட்பர். கேள்வி நேர்மையானதே. ஆயினும் அந்த வாதத்தின்படி, தாயின் கால் மகன் முதலீடு செய்த சொத்தாகிவிடுகிறது. நாம் எழுந்து நிற்கப் பழகிய நாளில் நம்மை அவ்வாறு யாரும் எண்ணவில்லை.

அப்படி எண்ணும்போது என்ன நேரும் என்பதற்கு நண்பர் ஒருவர் வீட்டு நிகழ்ச்சி சான்று. குருகிராமில் பணியாற்றும் அவர், கோவையில் தமையனார் வீட்டிலிருக்கும் தந்தைக்கு மணிக்கட்டுக் கருவி ஒன்றை வாங்கி அனுப்பினார். நாளுக்கு இத்தனை அடி என்று இலக்கும் வைத்தார். முதல் வாரம் எண் குறைவு, தொலைபேசியில் கண்டிப்பு. இரண்டாம் வாரம் முதல் எண் அருமையாக உயர்ந்தது. தந்தையார் அதைக் கழற்றி, மாலையில் கிரிக்கெட் ஆடப் போகும் பேரன் கையில் கட்டிவிட்டிருந்தார் என்பது தீபாவளிக்கு ஊருக்குப் போனபோதுதான் நண்பருக்குத் தெரிய வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் கேட்டுச் சிரித்தேன். ஆனால் வாழ்நாள் முழுதும் பிறர் காசில் ஒரு தேநீர் குடிக்காத, பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரை இந்தச் சிறு பொய்க்குத் தள்ளியது எது? தம் உடலை ஏமாற்ற அவர் விரும்பியிருக்க மாட்டார். மேற்பார்வையாளர் ஒருவர் மேலே வந்து உட்கார்ந்துவிட்டார். அவரைச் சமாளிக்கும் வழியைக் கண்டார், அவ்வளவே.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். முதியவர் தம் முடிவைத் தாமே எடுக்கட்டும் என்று விலகி நிற்பது எப்போதும் பெருந்தன்மை ஆகிவிடாது. பக்கவாதத்துக்குப் பிந்திய முதல் சில மாதங்களே மீட்சிக்கு மிக உகந்தவை. அந்த மாதங்களில் சோர்வும் மனத்தளர்ச்சியும் ஒருவரைக் கட்டிலோடு கட்டிப் போட்டிருக்கும். ‘வேண்டாம், விட்டுவிடு’ என்று அவர் சொல்வதை, அவருடைய சுதந்திரமான முடிவு என்று நாம் ஏற்றுக்கொண்டு நகர்ந்தால், நமக்கு வசதியான ஒன்றை அவர் பெயரால் செய்தவர்களாவோம். வற்புறுத்தத்தான் வேண்டும். ஆனால் வற்புறுத்தும் உரிமை, கட்டிலின் அருகில் உட்கார்ந்து, கையைப் பிடித்து, அவர் திட்டுவதையும் வாங்கிக்கொள்பவருக்கு உண்டு. என் தங்கைக்கு உண்டு. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்துகொண்டு எண்ணைப் பார்த்து ஏவுபவனுக்கு அது எவ்வளவு உண்டென்று எனக்கு ஐயமே. தங்கைமார்களும் அண்ணிமார்களும் செய்யும் பணிக்கு இக்கருவியில் எண் இல்லை என்பதையும் போகிற போக்கில் குறித்து வைக்கிறேன். தாயார் நாற்பது தடவை மடக்கினார் என்று அது எழுதும். அந்த நாற்பதுக்கும் பக்கத்தில் நின்று, அடுப்பில் பால் பொங்குவதை விட்டுவிட்டு ஓடி வந்தவளை எழுதாது.

மறதி நோய் கண்டவர் பற்றிய கேள்வி இதனினும் கடினமானது. தாம் எங்கிருக்கிறோம் என்பதையே மறப்பவரிடம் சம்மதம் கேட்பது எவ்வாறு? அவர் எழுந்து நடந்தால் விழுந்துவிடுவார் என்னும் அச்சம் இருக்கும்போது, அசைவை உடனே தெரிவிக்கும் கருவி அவருக்குக் காவல். அங்கே நான் கருவியின் பக்கமே நிற்பேன். ஆனால் அவர் அதைத் திரும்பத் திரும்பப் பிய்த்து எறிகிறார் என்றால், அந்தப் பிய்த்தெறிதலும் ஒரு சொல்லே என்று எனக்குப் படுகிறது. ஒரு நாளில் சில மணி நேரமேனும் அதைக் கழற்றி வைத்துவிட்டு, அந்நேரத்தில் ஒருவர் உடனிருப்பதே நேர்மையான ஏற்பாடு. எல்லா வீடுகளிலும் அது இயலாது என்பதையும் அறிவேன்.

சட்டம் இதில் எவ்வளவு தூரம் வரும்? 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் ஆகியவற்றைப் பிள்ளைகள் வழங்கக் கட்டாயப்படுத்துகிறது. காக்க வேண்டியவர் முதியவரை அடியோடு கைவிடும் நோக்கத்தோடு எங்கேனும் விட்டுச் சென்றால் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு என்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு 2017-இல் தீர்ப்பளித்தது. தனிமனிதத் தரவுகளைக் காக்க 2023-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியது. நிறுவனங்கள் நம் தாயின் நடைக்கணக்கை என்ன செய்கின்றன என்று கேட்க இவை ஓரளவு துணை நிற்கும். மகன் அதை என்ன செய்கிறான் என்று கேட்கச் சட்டத்துக்கு வாயில்லை. அது குடும்பத்துக்குள் தீர வேண்டிய வழக்கு.

நான் கண்ட தீர்வை அனைவருக்கும் பொதுவென்று சொல்ல மாட்டேன். எண் இருவருக்குரியது: அதை உழைத்து ஈட்டியவருக்கும், அதைக் கொண்டு பயிற்சியை மாற்றி அமைக்கக் கற்றவருக்கும். பிள்ளைகளுக்கு அது தேவையில்லை. தேவையில்லை என்பதோடு, அது நமக்கு ஊறு செய்யவும் கூடும் என்றே கருதுகிறேன். ஏனெனில், “இன்று நடந்தாயா அம்மா?” என்ற கேள்வி ஒருபோதும் நடையைப் பற்றியது மட்டும் அன்று. அதற்கு வரும் விடை, அடுத்த வீட்டுக்காரர் பெண்ணுக்கு வரன் அமைந்ததில் தொடங்கி, காவிரியில் தண்ணீர் வந்ததா இல்லையா என்பது வரை நீளும். எண் முன்கூட்டியே கையில் வந்துவிட்டால் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய அவசியமில்லை. அழைப்பு ஒன்று மிச்சமாகிறது. அறிந்துகொண்டேன் என்ற நிறைவும் கிடைத்துவிடுகிறது. பழைய நூல்கள் சொன்ன நான்காம் இடத்தில் இவ்வாறு கருவியை அமர்த்திவிட்டு, நாமே அமர்ந்திருப்பதாக எண்ணிக்கொள்கிறோம். சரகர் சொன்ன குணங்களில் முறையறிதல் அதற்கு ஓரளவு உண்டு. திறன் உண்டு. தூய்மைக்கும் குறைவில்லை. மீதமுள்ள ஒன்று அதனிடம் இல்லை. அது கருவியின் குற்றமும் அன்று. அது மருந்துப் பெட்டியோடு சேர வேண்டிய பொருள். அங்கே இருக்கும் வரை அதை வாழ்த்தலாம்.

தாயார் அக்கருவிக்கு ‘கணக்குப்பிள்ளை’ என்று பெயர் வைத்துவிட்டார். கணக்குப்பிள்ளையைக் கட்டு, கணக்குப்பிள்ளைக்குச் சார்ஜ் ஏற்று என்று தங்கையை ஏவுவாராம். திரையில் தெரியும் எண்ணைத் தாமே படிக்கக் கண்ணாடியை மாட்டிக்கொள்வார். மூன்றாம் வாரத்தில் எண்பது பாகையில் நின்றுபோனது. இரண்டு நாள் கட்டவே மாட்டேன் என்று ஒதுக்கி வைத்தார். அந்த இரண்டு நாளும் எனக்குத் தெரியாது, பிறகு தங்கை சொல்லித்தான் அறிந்தேன். ஆறாம் வாரத்தில் ஒரு மாலை அவரே அழைத்தார். வழக்கமாக நான் அழைப்பேன். அவர் அழைத்ததால் என்னவோ ஏதோ என்று பதறிப்போய் எடுத்தேன். “நூற்றுப்பத்து” என்றார். வேறொன்றும் சொல்லாமல் நான் ஏதாவது சொல்லட்டும் என்று காத்திருந்தார். கைப்பேசித் திரையில் தானாக வந்து விழுந்திருந்தால் அந்த நூற்றுப்பத்து எனக்கு ஒரு செய்தியாக இருந்திருக்கும். அவர் வாயிலிருந்து வந்தபோது அது எனக்குக் கொடுக்கப்பட்ட ஒன்றாக இருந்தது.

2011 மக்கள் தொகைக் கணக்கின்படி அறுபது வயது கடந்தோர் நாட்டில் பத்துக் கோடிக்கு மேல். தமிழ்நாட்டில் அவர்களுடைய விகிதம் நாட்டின் சராசரியைவிடக் கூடுதல். அவர்களின் பிள்ளைகளில் எத்தனையோ பேர் நம்மைப் போல் வெளியூர்களில் இருக்கிறோம். தொலைவில் இருப்பது பாவம் என்று நான் கருதவில்லை, பிழைப்பு அழைத்துவந்தது. எனவே நான்காம் இடத்தைப் பற்றிப் பேசும்போது, அதை நிரப்ப நமக்குக் கிடைக்கும் நாள்கள் எத்தனை என்பதையும் பேச வேண்டும். மத்திய அரசில் குழந்தை வளர்ப்புக்கென்று 2008 முதல் பெண் ஊழியர்களுக்குப் பணிக்காலத்தில் 730 நாள் விடுப்பு உண்டு. 2018 முதல் துணையின்றிக் குழந்தை வளர்க்கும் ஆண்களுக்கும் அது நீட்டிக்கப்பட்டது. நல்ல ஏற்பாடு. பெற்றோரைப் பேணவும் விடுப்பு உண்டா என்று மாநிலங்களவையில் கேட்கப்பட்டபோது, 2025 ஜூலையில் அமைச்சர் அளித்த விடை, ஆண்டுக்குரிய 30 நாள் ஈட்டிய விடுப்பு, 20 நாள் அரைச் சம்பள விடுப்பு, 8 நாள் தற்செயல் விடுப்பு முதலியவற்றை அதற்கும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பது. அவை முன்பே எல்லாவற்றுக்கும் உரியவை. பிள்ளையின் தேர்வுக்கும், மைத்துனர் திருமணத்துக்கும், நம் சொந்தக் காய்ச்சலுக்கும் அவற்றிலிருந்தே எடுக்கிறோம். என் தாயாரின் அறுவைக்கு நான் போய்வந்தது பதினொரு நாள். அவற்றில் நான்கு ரயிலில் கழிந்தன. எஞ்சிய ஏழில், காலையும் மாலையும் அவர் காலை மடக்கும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினேன், கணக்குப்பிள்ளையும் எண்ணினான். இரண்டு முறை எங்கள் எண்கள் வேறுபட்டன. தாயார் அவனைத்தான் நம்பினார்.